பிறைக்குச் சாட்சி சொல்லப் போனோம்

டோஹாவிலிருந்து லீவில் வருகிறவனைக் கண்டதும் எங்கள் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "எப்ப திரும்பிப் போறீங்க?" என்பதுதான். பெட்டியில் சுற்றிய கயிற்றைக்கூட அவிழ்த்திருக்க மாட்டோம். விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்த வான் சாரதி கேட்டார். பாலாவிச் சந்தியில் பாண் வாங்கிய கடைக்காரர் கேட்டார். அகதி முகாம் வாசலில் வைத்து மனைவியின் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கேட்டாள். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்: பெருநாள் அன்றைக்கு இரவு. அதில் பாதிதான் உண்மை. மற்றப் பாதி பிறையின் கையில் இருந்தது.

நோன்பு மாதம் இருபத்தொன்பது நாளிலும் முடியும், முப்பது நாளிலும் முடியும். இருபத்தொன்பதாம் நோன்பு துறக்கிற நேரத்தில் மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னுமொரு நோன்பு. என் கம்பனி முதலாளி பிறை பார்த்து டிக்கட் எடுக்கிற மனிதர் அல்ல. அவர் தந்த டிக்கட்டின்படி, பிறை தெரிந்தால் நான் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெருநாள் தொழுகைக்குப் போய், பகல் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டுவிட்டு வான் ஏறலாம். தெரியாவிட்டால் நோன்போடு ஏற வேண்டும். மகள் ஸஹ்ராவுக்கு அப்போது ஏழு வயது. அவள் பிறந்ததிலிருந்து ஒரு பெருநாளுக்கும் நான் வீட்டில் இருந்ததில்லை.

வீடு என்று சொல்லிவிட்டேன். புத்தளம் பக்கம் ஆலங்குடாவில் எங்களுக்கு இருந்தது முகாமில் ஒரு ஓலைக் கொட்டில். எங்கள் ஊர் மன்னார்த் தீவில் இருக்கிறது. துவக்கோடு வந்தவர்கள் முஸ்லிம்களையெல்லாம் போகச் சொன்ன வருடத்தில், மழைக்குள் வள்ளம் ஏறிக் கல்பிட்டிப் பக்கம் வந்து இறங்கினோம். ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். பத்து வருடமாகியும் யுத்தம் முடியவில்லை. முகாம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடற்கரைக்குப் போனால் வடக்கைப் பார்த்துத்தான் நிற்பார்கள். அங்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. தெரியாதென்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் அப்படித்தான் நிற்பார்கள்.

வந்த முதல் நாட்கள் சாப்பாட்டிலேயே போயின. டோஹாவில் நோன்பு துறக்கக் கம்பனி பெரிய தட்டில் சோறும் ஆட்டிறைச்சியும் வைக்கும். அதைச் சுற்றி நாங்கள் ஆண்களாக உட்கார்ந்து, யாரும் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டு எழும்புவோம். இங்கே பள்ளிவாசலிலிருந்து வாளியில் கஞ்சி வரும். தேங்காய்ப்பாலும் உள்ளியும் போட்டுக் காய்ச்சிய கஞ்சி. என் மனைவி ரிஹானா அதைக் கோப்பையில் ஊற்றும்போது கொட்டிலெல்லாம் மணக்கும். அந்த மணத்துக்காக மட்டும் வேலையை விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் பாங்கு நேரத்தில் முடிவெடுப்பேன். கஞ்சி முடிந்ததும் புத்தி திரும்பி வந்துவிடும்.

மழையும் விடாமல் பெய்தது. அரபு நாட்டில் மழை பெய்தால் ஜன்னலருகே போய் வேடிக்கை பார்ப்போம். இங்கே கொட்டிலுக்குள் எந்த இடத்தில் சட்டி வைப்பது என்பதுதான் பேச்சு. வெங்காயத் தோட்டங்களுக்குள் தண்ணீர் நின்றது. மார்கழிக் காற்று கிழக்கே உப்புநீர்க் களப்புப் பக்கமிருந்து வந்து கூரைக் கிடுகுகளைப் பிய்த்துப் பார்த்தது.

இருபத்தொன்பதாம் நோன்பு அன்று காலையில் பக்கத்துக் கொட்டில்காரர் ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து, அரபு நாடுகளில் அன்றைக்கே பெருநாள் என்றார். "உங்கட நாட்டுல இண்டைக்காம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எந்த நாடு என் நாடு என்று கேட்க நினைத்தேன். நோன்போடு சண்டை எதற்கு என்று விட்டுவிட்டேன். ஸஹ்ரா மட்டும் யோசித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், இங்கே பெருநாள் வருவதற்கு முதல் வாப்பா போய்விட்டால், அங்கே போகும்போது அதுவும் முடிந்திருக்குமா என்று கேட்டாள். கணக்கில் என் மகள் கெட்டிக்காரி. நான் அவளுடைய சப்பாத்தின் வாரைச் சரிபார்த்தேன்.

அன்று பின்னேரம் முகாமில் ஆண்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். அன்றைக்கு மட்டும் ஒருவரும் வடக்கைப் பார்க்கவில்லை. களப்புப் பக்கமிருந்து கறுத்த முகில் எங்கள் தலைக்கு மேலால் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அடிவானத்தில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெளிச்சம் மிச்சம் இருந்தது. சூரியன் அதற்குள் இறங்கிப் போனது. பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு துறந்துவிட்டு, கண் வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு ஆசையோடு நான் எதையும் பார்த்ததில்லை. என் கல்யாணத்தன்று ரிஹானாவைக்கூட அப்படிப் பார்க்கவில்லை.

மழை தொடங்கியது. தொழுகைக்கு நேரமாகிறதென்று ஆட்கள் திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். அப்போது பக்கத்தில் நின்ற ஜெமீல் என் தோளைப் பிடித்து அழுத்தினான். ஜெமீல் ரிஹானாவின் மூத்த சகோதரன். எனக்கு மச்சான், அதற்கு முதல் சின்ன வயதுக் கூட்டாளி.

"அந்தா பிறை. என்ட விரலைப் பார் மச்சான், கீழால, அந்த முகில் ஓரத்துல."

விரலைப் பார்த்தேன். விரல் காட்டிய திசையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. கண்டேன், கண்டேன் என்று நான்தான் முதலில் சத்தம் போட்டேன். மற்றவர்கள் ஓடிவருவதற்குள் முகில் மூடிவிட்டது.

முகாம் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஸரத் நிதானமான மனிதர். பெருநாள் பிறைக்கு இரண்டு சாட்சி வேண்டும், நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள், நல்லது என்றார். ஆனால் சாட்சி சொல்கிறவர்கள் நேரில் போக வேண்டும். புத்தளம் டவுணில் உலமாக்கள் கூடியிருக்கிறார்கள், அவர்கள் விசாரித்து ஏற்றுக்கொண்டால்தான் கொழும்புக்கு அறிவிப்பார்கள், இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு ரேடியோவில் முடிவு சொல்லிவிடுவார்கள், அதற்கு முதல் போய்ச் சேருங்கள் என்றார். வெளியே மழை ஓலைக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் ஓடாது. யாரிடமும் வான் இல்லை. இருந்தது ஜெமீலின் மோட்டார் சைக்கிள்தான்.

அது மீன் விற்கிற மோட்டார் சைக்கிள். பின்னால் கட்டியிருந்த பெட்டியை ஜெமீல் கழற்றிவிட்டான். மணத்தைக் கழற்ற முடியவில்லை. மழைக் கோட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு உரப்பை. அடியில் தலைக்கு ஒரு ஓட்டை, பக்கங்களில் கைகளுக்கு. பெருநாள் செய்தி கொண்டுபோகிறவர்களுக்கு இதைவிட நல்ல உடுப்புக் கிடைத்திருக்கலாம். ஸஹ்ரா வாசலில் நின்று சிரித்தாள். "வாப்பா, கெதியாப் போயிட்டு வாங்க" என்றாள்.

தலவிலச் சந்தி வரைக்கும் எனக்குப் பயம் வரவில்லை. சந்தியைத் தாண்டியதும் காற்று இடது பக்கமாக அடிக்கத் தொடங்கியது. நேரே போவதற்கு ஜெமீல் மோட்டார் சைக்கிளை இடது பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. காற்று ஒரு கணம் நின்றால் நாங்கள் அந்தப் பக்கமே விழப் பார்த்தோம். மழைத்துளி முகத்தில் மணல்போல் குத்தியது. நான் குளிரூட்டி பழுது பார்க்கிறவன். பதினைந்து மாடிக் கட்டடத்தின் வெளியே தொங்கிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன். அந்த உயரத்தில் வராத பயம், நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் வந்தது.

மாம்புரியில் ஒரு தென்னோலை வீதிக்குக் குறுக்கே வந்து விழுந்தது. ஜெமீல் மோட்டார் சைக்கிளை வெட்டித் திருப்பினான். பின்சில்லு மணலுக்குள் போய் ஒரு சுழற்சி சுழன்று திரும்பி வந்தது. நிறுத்து மச்சான், எங்கேயாவது ஒதுங்குவோம் என்று அவனுடைய காதுக்குள் கத்தினேன். ரேடியோ நிற்காது என்று அவன் திருப்பிக் கத்தினான்.

நுரைச்சோலைக்கு அப்பால் வீதியே இல்லை. வெள்ளம் குறுக்காகப் பாய்ந்துகொண்டிருந்தது. எது வீதி, எது பள்ளம் என்று தெரியவில்லை. ஜெமீல் காலிரண்டையும் தூக்கிக்கொண்டு உள்ளே விட்டான். தண்ணீர் சைலன்சர் வரை வந்தது. எஞ்சின் இருமியது, ஆனால் நிற்கவில்லை. நின்றது முன் லைட்தான். கரை ஏறியபோது எங்களுக்கு முன்னால் இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஜெமீல் லைட்டைக் கையால் தட்டினான், காலால் உதைத்தான், கடைசியில் பிஸ்மி சொல்லிவிட்டு அப்படியே ஓட்டினான். மின்னல் அடிக்கும்போது வீதியைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்வான். அடுத்த மின்னல் வரைக்கும் அந்த ஞாபகத்தில் போவோம்.

என்னால் பார்க்க முடியவில்லை. அவனுடைய முதுகில் முகத்தைப் புதைத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்போதுதான் அது நடந்தது. ஒவ்வொரு மின்னலுக்குப் பிறகும் மூடிய கண்ணுக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. கடற்கரையில் கண்ட அதே கோடு. அதே நீளம், அதே சாய்வு. கடற்கரையிலும் தூரத்தில் மின்னல் அடித்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளத்துக்குப் பயந்ததைவிட அந்தக் கோட்டுக்கு நான் கூடுதலாகப் பயந்தேன்.

எதிரே ஒரு லொறி வந்தது. லைட் இல்லாத எங்களை அது காணவில்லை. ஜெமீல் ஓரத்துக்கு இழுத்தான், வீதி முடிந்துவிட்டது. நாங்கள் ஒரு பக்கம், மோட்டார் சைக்கிள் ஒரு பக்கம் என்று தண்ணீர் நின்ற தோட்டத்துக்குள் கிடந்தோம். சைலன்சர் என் கெண்டைக்காலைச் சுட்டுவிட்டது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. ஜெமீல் எழும்பி முதலில் மோட்டார் சைக்கிளைத் தடவிப் பார்த்தான், பிறகு என்னை. "உசிரோட இருக்கியா?" என்று கேட்டான். ஓம் என்றேன். அப்ப ஏறு என்றான்.

பாலாவிக்குக் கிட்டவாக அவன் எஞ்சினை நிறுத்தினான். முன்னால் ராணுவச் சோதனைச் சாவடி.

"இனி உருட்டித்தான் போகணும். லைட் இல்லாம சத்தத்தோட போனா சுடுவானுகள். கை தெரியிற மாதிரி வா."

நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். ஜெமீல் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்திக்கொண்டே நடந்தான். என்ன கத்தினான் என்று நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நாங்கள் முஸ்லிம்கள், முகாம் ஆட்கள் என்று எதையும் சொல்லவில்லை. "ஹந்த தெக்கா, மாத்தயா! ஹந்த தெக்கா!" என்றான். நிலாவைக் கண்டோம் ஐயா, நிலாவைக் கண்டோம். உரப்பை உடுத்த இரண்டு பேர், கொட்டுகிற மழையில், இருட்டுக்குள்ளிருந்து. மண்மூட்டைக்குப் பின்னால் துவக்கின் பூட்டு இழுபடுகிற சத்தம் கேட்டது. ஸஹ்ராவின் முகத்தைத் தவிர வேறு ஒன்றும் நினைவில் இல்லை.

டோர்ச் வெளிச்சம் எங்கள் மேல் விழுந்து அப்படியே நின்றது. வயதான சார்ஜன்ட் ஒருவர் வந்து அடையாள அட்டைகளைப் பார்த்தார். பிறகு டோர்ச்சை மெல்லத் திருப்பி வானத்தில் அடித்தார். மழை மட்டும்தான் தெரிந்தது. "இதற்குள்ளா கண்டீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார். நாளையோடு எனக்கு லீவு முடிகிறதென்பதையும் சேர்த்து ஜெமீல் விளக்கினான். நாங்கள் போய்ச் சொன்னால்தான் நாளைக்குப் பெருநாள் என்றான். சார்ஜன்ட் டோர்ச்சைக் கீழே இறக்கினார். தனக்கும் இந்த முறை புதுவருடத்துக்கு லீவு இல்லை என்றார். அந்த டோர்ச்சையே எங்களிடம் தந்து, திரும்பி வரும்போது கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். மீதி வழி முழுவதும் ஜெமீலின் தோளுக்கு மேலால் நான்தான் வெளிச்சம் பிடித்தேன்.

புத்தளம் பள்ளிவாசலில் எங்களுக்கு மாற்றுச் சாரமும் துவாயும் தந்தார்கள். ஜெமீலை முதலில் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிறகு என்னை. மூன்று ஹஸரத்மார் பாயில் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் பிறை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது, சூரியன் இறங்கிய இடத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜெமீல் என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். விரல் காட்டியபோது அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் போதும். நாளைக்கு என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். வாய்க்குள் அந்தச் சொல் வந்தே விட்டது.

"மச்சான் விரல் நீட்டினான், ஹஸரத். அந்தப் பக்கம் வெள்ளையா ஒரு கோடு கண்டேன். அது பிறை எண்டு அல்லாஹ் மேல ஆணையா என்னால சொல்ல ஏலாது. எனக்கு நாளைக்குப் பெருநாள் வேணும். அதனாலதான் கண்டேனோ தெரியா."

நடுவில் இருந்தவர் பிளாஸ்க்கிலிருந்து பிளேன்டீ ஊற்றி என் பக்கம் நகர்த்தினார். ஒரு சாட்சி போதாது என்றார். வேறு இடங்களிலிருந்தும் ஒன்றும் வரவில்லையாம். பிறகு ஜெமீலைக் கூப்பிட்டு, "நீங்க உறுதியாக் கண்டா, உங்களுக்கு மட்டும் நாளைக்குப் பெருநாள். நோன்பு பிடிக்கக்கூடாது. ஆனா யாருக்கும் காட்டிக்கொள்ள வேணாம்" என்றார். ஜெமீல் தலையாட்டினான்.

திரும்பும்போது மழை தூறலாகிவிட்டது. ஜெமீல் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் வீதியைப் பார்த்து ஓட்டினான். டோர்ச்சைத் திருப்பிக் கொடுத்தபோது சார்ஜன்ட், நாளைக்கா என்று கேட்டார். இல்லை மாத்தயா, நாளை மறுநாள் என்றான் ஜெமீல். அவர் நாக்கைத் தட்டி இரங்கினார்.

ரேடியோ எங்களுக்கு முதலே வீட்டுக்குப் போய்விட்டது. ஸஹ்ரா தூங்கிவிட்டாள். ரிஹானா பெருநாள் வட்டிலப்பத்துக்கு எடுத்து வைத்த முட்டைகளை மறுபடியும் உமிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். என் காலில் மருந்து பூசிக்கொண்டே கேட்டாள்.

"ஒரு சொல்லுத்தானே. ஜெமீல் நானா பொய் சொல்றவரா? அவர்ட கண்ணை நம்பிச் சொல்லியிருக்கலாமே."

அவள் அழுதாள். மருந்து பூசுவதை நிறுத்தாமலே அழுதாள்.

மறுநாள் முப்பதாம் நோன்பு. வாப்பா போகிற நாளென்று ஸஹ்ராவும் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழும்பி நோன்பு பிடித்தாள். சின்னப் பிள்ளை, வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. வெயில் வந்திருந்தது. நான் பிய்ந்த கிடுகுகளைக் கட்டினேன், அவள் கயிறு எடுத்துத் தந்தாள். காலையில் ஜெமீல் குளித்து, புதுச் சாரம் உடுத்து வந்தான். மாமா ஏன் புதுச் சாரம் என்று ஸஹ்ரா கேட்டாள். மற்றது நனைந்துவிட்டது என்றான். என்னை இழுத்துக் கட்டிப்பிடித்தான். வலது தோள், இடது தோள், மறுபடியும் வலது தோள். பெருநாளுக்குத்தான் எங்கள் ஆட்கள் அப்படி மூன்று முறை கட்டிப்பிடிப்பார்கள். எனக்கு விளங்கியது. பெருநாள் கொண்டாட அவனுக்கு வேறு ஆளில்லை.

மத்தியானம் ஸஹ்ராவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. தண்ணீர் குடி மகள் என்று கெஞ்சினேன். வாப்பா குடிக்காமல் நான் குடிக்க மாட்டேன் என்று என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வான் வந்தது. பெருநாள் உடுப்பைப் போட்டுக் காட்டச் சொன்னேன். அது நாளைக்கு என்று மறுத்துவிட்டாள்.

சிலாபத்தில் நோன்பு துறக்க வானை நிறுத்தினோம். வீதியோரப் பள்ளியில் பேரீச்சம்பழமும் கஞ்சியும் தந்தார்கள். வெளியே வந்தபோது ஆட்கள் கூட்டமாக நின்று மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வானத்தில் ஒரு முகில் இல்லை. தென்னைகளுக்கு மேலே, நல்ல உயரத்தில், தடித்த பிறை. முதல் பிறை அப்படி இருக்காது. அது மெலிந்து, அடிவானத்தில் ஒட்டிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும்.

"இது ரெண்டாம் பிறைதானே" என்றார் ஒருவர். "ஓம், நேற்றே பிறந்திருக்கு. மழையில யாரும் காணல்ல" என்றார் மற்றவர்.

சாரதி நேரமாகிறதென்று கூப்பிட்டார். நான் அசையாமல் நின்றேன். அப்படியென்றால் பெருநாள் இன்றுதான். விடிந்ததிலிருந்து வான் வரும்வரை நான் என் மகளோடுதான் பெருநாளில் இருந்திருக்கிறேன், ஒரு மிடறு தண்ணீர்கூடச் சேர்ந்து குடிக்காமல்.